இருநூத்தி எழுபத்தஞ்சு

— டயர் அகலமா வேணும்கிறீங்க, சரி. எதுக்கு அகலமா வேணும்? அதை முதல்ல சொல்லுங்க மாப்ளே.

— அது வந்து மாமா... பார்க்க நல்லா இருக்கும்.

— யாரு பார்க்க?

— பொதுவா... ரோட்டுல போறவங்க.

— நீங்க ஓட்டுற வேகத்துக்கு ரோட்டுல போறவங்க நின்னு நிதானமாவே பார்க்கலாம். போன மாசம் மலைப்பாதையில முட்டைக்கோஸ் லாரி உங்களை முந்திக்கிட்டுப் போச்சாமே. என் பொண்ணு பெய்ஷான் போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

— அது வந்து மாமா, அந்த லாரி கொஞ்சம் வேகமாத்தான் வந்துச்சு.

— ஏங்க, உங்களைத்தான். மாப்பிள்ளை விடிகாலை கௌஷியோங்ல கெளம்பி, மலையைச் சுத்திக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்காரு. நிக்க வெச்சு விசாரணை பண்றீங்களே. சுங்யான், நீங்க உக்காருங்க. டீ ஆறுது பாருங்க. சீத்தாப்பழம் பிட்டு வெச்சிருக்கேன், எடுத்துக்கோங்க.

— கையில ஸ்பேனரோட நிக்கிறேன் பீயுன், நீ பழத்தை நீட்டுற. டயர்க்கடைன்னா டயர்க்கடையா இருக்கட்டும், கொஞ்ச நேரமாவது.

— பழம் தின்னா டயர் ஓடிடுமா? எங்கேயும் ஓடாது. நீங்க தின்னுங்க சுங்யான்.

— தேங்க்ஸ் அத்தை. ரொம்ப இனிப்பா இருக்கு.

— இங்க பாருங்க மாப்ளே, உங்க வண்டியில இப்ப இருக்கிறது இருநூத்தி முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் அகலம். கம்பெனிக்காரன் முட்டாள் இல்ல, யோசிச்சுத்தான் போட்டிருக்கான். இது மின்சார வண்டி. அடியில இருக்கிற பேட்டரி மட்டும் ஒரு எருமை கனம். அந்தக் கனத்தைத் தாங்கணும், காத்தைக் கிழிச்சுக்கிட்டும் போகணும், சார்ஜும் மிச்சமாகணும். அகலம் கூடினா ரோட்டைப் புடிச்சுக்கும், வாஸ்தவம். புடிச்சுக்கிட்டா விடாது. சார்ஜைத் தின்னும்.

— எவ்வளவு தின்னும் மாமா?

— அதோ சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கேன் பாருங்க, நாலு நாலா மூணு செட்டு. நீங்க போன்ல சொன்னீங்களேன்னு தைதுங்ல இருந்து வரவழைச்சேன். முதல் செட்டு இருநூத்தி நாப்பத்தஞ்சு. வண்டி இப்ப முழு சார்ஜுல எவ்வளவு ஓடுது?

— நானூத்தி எண்பது.

— இதைப் போட்டா பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் கொறையும்.

— அவ்வளவுதானா?

— என்ன மாப்ளே, "அவ்வளவுதானா"ன்னு வருத்தப்படுறீங்க! முப்பத்தோரு வருஷமா கடை வெச்சிருக்கேன், கொறையறது பத்தலைன்னு மூஞ்சி வாடினவரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.

— இல்ல மாமா, அது வந்து... அவ்வளவுதானே, பரவாயில்லையேன்னு சொல்ல வந்தேன்.

— ஆங். அடுத்தது இருநூத்தி அறுபத்தஞ்சு. முப்பது கிலோமீட்டர் போயிடும்.

— ஏங்க, நானூத்தி எண்பதுல முப்பது போனா நானூத்தி அம்பதா?

— அடேங்கப்பா. ஆமா பீயுன், நானூத்தி அம்பதுதான்.

— சுங்யான், உங்க வீட்டுல இருந்து இங்க வர எவ்வளவு தூரம்?

— இருநூத்தி இருபத்தஞ்சு, அத்தை.

— போக வர?

— நானூத்தி அம்பது.

— ஓ. அப்ப மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் போயிடலாம்.

— போயிடலாம் பீயுன். இவர் ஓட்டுற மாதிரி முட்டைக்கோஸ் லாரிக்கு வழி விட்டுக்கிட்டே போனா, கொஞ்சம் மிச்சம்கூட இருக்கும்.

— அப்ப அது வேணாம். அழகா இல்ல. அந்த மூணாவது என்னது? கடைசியில, கறுப்பா, தடியா இருக்கே?

— பீயுன், நீ உள்ள போய் மீனைப் பாரு. கருகுது.

— மீன் இன்னும் அடுப்புலயே ஏறல. அது என்னதுங்க?

— அது இருநூத்தி எழுபத்தஞ்சு. பந்தயத்துக்கு ஓட்டுறவங்க போடுற ரகம். ரப்பர் மெத்துன்னு இருக்கும், ரோட்டுல பசை மாதிரி ஒட்டும். கடைக்காரன் தெரியாம அனுப்பிட்டான், திருப்பி அனுப்பணும். இதை மனுசன் போடுவானா? உங்க வண்டியில இஞ்சின் சத்தம் கிடையாது. இதைப் போட்டீங்கன்னா வீட்டுல இருந்து இங்க வர்ற வரைக்கும் காதுல வண்டு குடைஞ்சுக்கிட்டே வரும். மின்சார மோட்டார் இழுக்கிற இழுப்புக்கு ஒரே வருஷத்துல தேய்ஞ்சு மொட்டையாயிடும்.

— சார்ஜ் எவ்வளவு போகும் மாமா?

— அறுபது எழுபது போயிடும். மலை ஏத்தம் வேற இருக்கு.

— அது நல்லாருக்கு!

— அழகா இருக்குங்க!

— என்ன, ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சொல்றீங்க? சொல்லி வெச்சுக்கிட்டீங்களா?

— இல்லவே இல்ல மாமா. அத்தை இப்படிச் சொல்வாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

— நான் சொன்னேன், எனக்குப் புடிச்சிருக்கு. மாப்பிள்ளை சின்ன வயசு. இந்த வயசுல தடியா டயர் போடாம எழுபது வயசுலயா போடுவாரு?

— மட்கார்டுக்கு வெளிய ஒரு நூல் துருத்தினாலும் சோதனையில வண்டியைப் பாஸ் பண்ண மாட்டான். தெரியுமா உனக்கு?

— துருத்துதான்னு பாருங்களேன். அதுக்குத்தானே நட்டைக் கயித்துல கட்டித் தொங்க விட்டுப் பார்ப்பீங்க? பெய்ஷான் சின்னப் புள்ளையில அந்தக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு உங்க பின்னாடியே சுத்துவாளே.

— அது வந்து மாமா, அவ இப்பவும் பார்க்கிங்ல பக்கத்து வண்டியைப் பார்த்து "இது ஒரு விரக்கடை வெளிய இருக்கு"ம்பா. நான் என் வண்டியோட டயர் நம்பரையே அவகிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

— அவ என் பொண்ணு மாப்ளே. பத்து வயசுல நட்டு முறுக்குனவ. அவளை அனுப்பி வெச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது, முப்பத்தஞ்சே போதும்னு போயிருப்பா.

— ஆபீஸ்ல வருஷக் கடைசி மாமா. கப்பல் கணக்கெல்லாம் புத்தாண்டுக்குள்ள முடிக்கணுமாம், லீவு கிடைக்கல. ஐயோ, அவதான் கூப்பிடுறா. ஒரு நிமிஷம் மாமா. வெளிய போய்ப் பேசிட்டு வந்துடறேன்.

— இங்கயே பேசுங்களேன் மாப்ளே, எங்க பொண்ணுதானே.

— இல்ல மாமா, அது வந்து... உள்ள சிக்னல் சரியா வரல.

— போகட்டும் விடுங்க. புருஷன் பொண்டாட்டி ஆயிரம் பேசுவாங்க... போயிட்டாரா?

— போயிட்டாரு. காத்தடிக்கிற பம்புகிட்ட நின்னு கையை ஆட்டி ஆட்டிப் பேசறாரு. பீயுன், இப்ப சொல்லு. உனக்கு என்ன ஆச்சு? இத்தனை வருஷத்துல நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது உனக்கு. இன்னிக்கு என்னடான்னா நானூத்தி எண்பதுல முப்பது போனா எவ்வளவுன்னு கணக்குப் போடுற.

— கத்தாதீங்க. காதுல விழுந்துடும்.

— விழட்டுமே. அந்தப் பையன் வெள்ளந்தி. எதுக்குன்னே தெரியாம கேக்கிறான். புத்தி சொல்ல வேண்டியவ நீ, ஏத்தி விடுற. புத்தாண்டு ரெண்டாம் நாள் அந்த மூணாவதைப் போட்டுக்கிட்டு வந்தான்னா, திரும்பிப் போகறதுக்குள்ள வண்டி மலையில படுத்துடும். தைதுங்ல சார்ஜ் ஏத்திக்கலாம்னா, இன்னிக்கு மாதிரி நாள்ல அரை மணி நேரத்துல ஆயிடும். புத்தாண்டுல? போன வருஷம் நம்ம ஐஸ் பேக்டரிக்காரர் அஞ்சு மணி நேரம் வரிசையில நின்னாரு. பொம்பளைப் புள்ளையைக் கூட்டிக்கிட்டு அங்க போய் நிப்பானா?

— நிக்க மாட்டாரு.

— பின்ன என்ன பண்ணுவான்?

— நம்ம கடைப் பிளக்குல மாட்டுவாரு.

— இது சாதாப் பிளக்கு. மாட்டினா ராத்திரி பூரா கெடக்கணும்.

— கெடக்கட்டும்.

— ...பீயுன்.

— என்ன?

— இதுக்குத்தானா?

— பின்ன? டயரோட அழகைப் பார்த்து மயங்கிட்டேன்னா நெனச்சீங்க? கரிக்கட்டை மாதிரி இருக்கு.

— ஏய், விளையாடுறியா. ரெண்டாம் நாள் பொறந்த வீட்டுக்கு வந்த பொண்ணு மதியம் சாப்பிட்டுட்டுப் பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடணும். ராத்தங்கினா பொறந்த வீடு ஓட்டாண்டி ஆயிடும். நான் சொன்னதா இது? நம்ம அப்பன் பாட்டன் காலத்துல இருந்து வர்றது.

— பொண்ணு தங்கக் கூடாதுன்னுதானே வழக்கம்? கார் தங்கக் கூடாதுன்னு எந்த பாட்டன் சொன்னாரு? அந்தக் காலத்துல சார்ஜ் போட்டாங்களா?

— சம்பந்தியம்மா என்ன நெனப்பாங்க?

— அந்தம்மா தங்கமானவங்க. சரியா மூணு மணிக்கு "கெளம்பியாச்சா, கெளம்பியாச்சா"ன்னு போன் பண்றாங்களே, அவங்க வீட்டு நல்லதுக்கா? நம்ம வீடு ஓட்டாண்டி ஆயிடக் கூடாதேன்னு நம்ம மேல இருக்கிற அக்கறையில பண்றாங்க. வண்டியில சார்ஜ் இல்லன்னா அவங்களும்தான் என்ன சொல்லிடுவாங்க? ஆறு வருஷமா பார்க்கிறேன். பன்னெண்டு மணிக்கு வர்றா. மீனைத் திருப்பிப் போடறதுக்குள்ள மூணு மணி. நான் அவகிட்ட ஒரு வார்த்தை உருப்படியாப் பேசினதில்ல. அவ பாத்திரம் கழுவுறா, நான் அவ முதுகைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கறேன்.

— மத்த நாள்ல வரலாமே. யாரு வேணாம்னா?

— மத்த நாள்ல அவ ஆபீஸ், இவரு ஆபீஸ். வந்தாலும் தங்கறாளா? தங்க மாட்டா. ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?

— எனக்கு எப்படித் தெரியும்?

— முதல் வருஷம் நெனப்பிருக்கா? கல்யாணமாகி முதல் புத்தாண்டு. அந்த ஷட்டர் ஓரமா நின்னுக்கிட்டு, வெத்தலையை மென்னுக்கிட்டே சொன்னீங்க. "பொழுது சாயுது, கெளம்பும்மா"ன்னு.

— அந்த வருஷம் புயல்ல கூரைத் தகரம் பூரா பறந்துடுச்சு பீயுன். கடை படுத்துக் கிடந்துச்சு. கைப்பொழப்பு போயிடுமோன்னு பயம். அதனால சொன்னேன்.

— தப்புன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு அவ பை திறந்திருந்துச்சு, நான் பார்த்தேன். மாத்துத் துணி வெச்சிருந்தா. பல் தேய்க்கிற பிரஷ் வெச்சிருந்தா. தங்கணும்னு வந்தவ. நீங்க சொன்னதும் "சரிப்பா"ன்னு ஜிப்பை இழுத்து மூடிட்டு வண்டியில ஏறிட்டா. அதுக்கப்புறம் கேட்டாளா ஒரு தரம்? எந்த நாள்லயாவது?

— பிரஷ் வெச்சிருந்தாளா?

— பச்சைக் கலர்.

— இதை ஏன் நீ எங்கிட்ட சொல்லல?

— சொன்னா மட்டும்? தகரம் திரும்பி வந்துடுமா? இல்ல அவதான் திரும்பி வந்துடுவாளா?

— அவளை அனுப்பி வெச்சேனே, கடை எழுந்துச்சா? அடுத்த வருஷமும் படுத்துத்தான் கிடந்துச்சு. அப்பவே தோணுச்சு, புள்ளையை வெரட்டினதுதான் மிச்சம்னு. வாயால சொன்னதை எப்படித் திருப்பி எடுக்கறது பீயுன்? "அப்பா சொன்னது தப்பு, இருந்துட்டுப் போம்மா"ன்னு சொல்லலாம்னு ஒவ்வொரு வருஷமும் ஷட்டர் வரைக்கும் போவேன். வாயில வெத்தலைதான் இருக்கும், வார்த்தை வராது.

— நீங்க வாயே திறக்க வேணாம். டயர் சொல்லிடும். அதுக்குத்தான் இவ்வளவு நேரமா கத்திக்கிட்டு இருக்கேன்.

— அறுபத்தஞ்சு பத்தாது.

— அதைத்தானே அப்ப இருந்து சொல்றேன்.

— அந்தப் பையன் ஓட்டுற ஓட்டுக்கு எழுபத்தஞ்சுலயும் உருட்டிக்கிட்டே வீடு போய்ச் சேர்ந்துடுவானோன்னு பயமா இருக்கு. முன்னாடி பின்னாடி நாலுக்குமே எழுபத்தஞ்சு போடணும். கனமான ரிம்மாப் பார்த்துப் போடணும்.

— அதெல்லாம் உங்க பாடு. வர்றாரு, வர்றாரு. மூஞ்சியைத் துடைங்க.

— கிரீஸுடி.

— கிரீஸ் கண்ணுலயா வழியும்? துடைங்க.

— மன்னிச்சுக்கோங்க மாமா, கொஞ்ச நேரமாயிடுச்சு. பெய்ஷான் உங்களைக் கேட்டதாச் சொன்னா. அத்தை, உங்களையும்.

— மாப்ளே, நல்லா யோசிச்சுப் பார்த்தேன். மூணாவதே போட்டுடலாம்.

— எழுபத்தஞ்சா?

— எழுபத்தஞ்சு. நாலு சக்கரத்துக்கும்.

— ஆனா மாமா, மனுசன் போடுவானான்னு கேட்டீங்களே?

— கேட்டேன். இப்ப நான்தான் சொல்றேன், போடுவான். டயர்க்காரன் யாரு, நீங்களா நானா?

— நீங்கதான். காதுல வண்டு குடையும்னீங்களே?

— பாட்டுப் போட்டுக்கோங்க.

— ஒரு வருஷத்துல மொட்டையாயிடும்னீங்களே?

— மொட்டையானா மாமனார் கடை எதுக்கு இருக்கு? வருஷா வருஷம் புத்தாண்டுக்கு முன்னாடி புதுசு மாட்டி விடறேன். என் பொண்ணு போற வண்டி அது, எனக்கு இல்லாத உரிமையா? நட்டைக் கயித்துல கட்டிப் பார்த்துடறேன், துருத்தலன்னா ஏத்திடலாம். பீயுன், அந்தக் கயிறு எங்க?

— உங்க சட்டைப் பையிலதாங்க தொங்குது.

— மாமா, ஒரு நிமிஷம். அது வந்து... நான் ஒண்ணு சொல்லியாகணும். மனசு கேக்கல. இதைப் போட்டுக்கிட்டு ரெண்டாம் நாள் நாங்க இங்க வந்தா, அன்னிக்கே வீடு திரும்ப முடியாது.

— முடியாதுன்னா என்ன இப்ப? கடையில பிளக் இருக்கு. ராத்திரி பூரா கெடந்தா ஏறிடும்.

— ராத்திரி பூராவா மாமா?

— வண்டியைச் சொன்னேன் மாப்ளே, வண்டியை. வண்டி கெடக்கும்.

— அப்ப நாங்க?

— வண்டி இங்க கெடந்தா நீங்க மட்டும் நடந்தா போவீங்க? என்ன கேள்வி இது. மாடியில ரூம் இருக்கு. போர்வையெல்லாம் பீயுன் வெயில்ல போட்டு வெப்பா. நான் ஒண்ணும் யாரையும் தங்கச் சொல்லல, வழக்கம் வழக்கம்தான். ஆனா பேட்டரியில இல்லன்னா நான் என்ன பண்ண முடியும்?

— சுங்யான், சிரிக்கிறீங்களா அழறீங்களா? என்னன்னு சொல்லுங்க.

— அத்தை, எனக்கு டயரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. மாமாவுக்கு அது வந்ததுமே தெரிஞ்சு போச்சு. இந்தச் சீட்டைப் பாருங்க. நான் என்ன கேக்கணும்னு எழுதிக் கொடுத்து அனுப்பினது இது.

— கண்ணாடியைக் கொடு பீயுன். என்ன எழுதியிருக்கு... "நாப்பத்தஞ்சு: வீடு வந்துடும், வாங்காதே. அறுபத்தஞ்சு: நீ ஓட்டினா வந்துடும், வாங்காதே. எழுபத்தஞ்சு, ஒட்டுற ரகம்: வராது." கடைசிக்குச் செவப்புல வட்டம் போட்டிருக்கு. இந்த எழுத்து...

— ஏங்க, இது நம்ம பெய்ஷான் எழுத்து.

— எனக்குத் தெரியாதா? என் கடை பில்லு புக்குல எத்தனை வருஷம் எழுதியிருக்கா.

— தைதுங் கடைக்காரர் தெரியாம அனுப்பல மாமா. அந்த மூணாவது செட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லி இவதான் போன் பண்ணினா. "அப்பா கெளம்புன்னு சொன்னா நான் கெளம்பிடுவேன், அவரை எதிர்த்துப் பேச எனக்கு வராது. வண்டி கெளம்பலன்னா அவரால ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல"ன்னு சொன்னா. நீங்க ஒத்துக்கவே மாட்டீங்க, நாலு மணி நேரம் சண்டை போடணும்னு சொல்லி அனுப்பினா. அத்தை எதுக்கு என் பக்கம் பேசறாங்கன்னு எனக்கு ஒண்ணுமே புரியல. இப்ப வெளிய போய் அவகிட்ட சொன்னேன், அம்மாவும் எழுபத்தஞ்சுதான் வேணும்கிறாங்கன்னு. மூக்கை உறிஞ்சற சத்தம்தான் கேட்டுச்சு.

— என் செல்லமே...

— நீ அழாதே பீயுன். அழறதுக்கு என்ன இருக்கு? போய் அந்த மீனை அடுப்புல ஏத்து, மாப்பிள்ளைக்குப் பசிக்கும். நான் வண்டியைத் தூக்கறேன். மாப்ளே.

— சொல்லுங்க மாமா.

— அவகிட்ட எனக்காக ஒண்ணு சொல்லுங்க. எனக்கு போன்ல சொல்ல வராது. வரும்போது மாத்துத் துணி எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. மறக்காம பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. அப்பா சொன்னாருன்னே சொல்லுங்க.

— சொல்றேன் மாமா. ஆனா பிரஷ்ஷை எடுத்து வெக்க வேண்டியதில்ல. பச்சைக் கலர்ல ஒண்ணு, உறைகூடப் பிரிக்காம, ஆறு வருஷமா அவ பையிலேயேதான் இருக்கு.